வீடு புதுப்பித்தலும் வெள்ளைத்தாள் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. அவர்கள் காலத்தில் அடுக்குமாடி வீடுகள் இருந்திருந்தால் “பழைய வீட்டைப் புதுப்பித்துப் பார்” என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். புதிதாகக் கட்டுகிறவருக்கு வெற்று மனை கண்முன்னே கிடக்கிறது. புதுப்பிக்கிறவருக்கோ சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் என்ன இருக்கிறது என்பது உடைத்த பிறகே தெரிகிறது.

மேலநீலிதநல்லூரில் இருந்துகொண்டு அடுக்குமாடி வீட்டைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். நம் ஊரைச் சுற்றி மாடிகளைவிடக் கரிசல் காடுகளே மிகுதி என்பது உண்மைதான். ஆனால் நாம் கல்லூரிக்கு வந்து இறங்கும் காலை வேளையில், கரண்டியும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்த பைகளோடு சங்கரன்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் பேருந்து ஏறுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நகரங்களின் மாடி வீடுகளைப் புதுப்பிக்கும் கைகள் அவர்களுடையவை. என் தந்தையும் அவர்களுள் ஒருவர். கொத்தனாராக இருந்து சிறு மேஸ்திரியானவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகவே இப்பொருளை வீட்டுக்காரர் பக்கம் நின்றும், வேலை செய்கிறவர் பக்கம் நின்றும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்த்ததையும் கற்றதையும் இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

பாளையங்கோட்டையில் நடந்தது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடியிலிருந்த ஒரு வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை என் தந்தை கூலி ஒப்பந்தமாக எடுத்தார். வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றவர், நல்லவர். இரண்டு குளியலறை, கூடத்துத் தரை, ஓதம் அடித்த சுவருக்குப் பூச்சு, வண்ணம் அடித்தல் எல்லாம் சேர்த்துக் கூலி 1,60,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சில் முடிவாயிற்று. தாளில் எதுவும் எழுதப்படவில்லை.

குளியலறைத் தரையை உடைத்தபோது உள்ளே கிடந்த இரும்புக் குழாய்கள் துருவேறி இற்றுப் போயிருந்தன. “மாத்திருங்க மேஸ்திரி, பாத்துக்கிடலாம்” என்றார் வீட்டுக்காரர். உடைத்த கழிவை மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. மூன்று மாடியும் படிவழியே சுமந்து இறக்கினார்கள். “பாத்துக்கிடலாம்.” பிறகு பால்கனித் தரை, பிறகு சமையலறையில் ஒரு பரண். “ஒரு நாள் வேலைதானே, பாத்துக்கிடலாம்.”

முடிவில் என் தந்தை கூடுதல் வேலைக்குக் கணக்குச் சொன்னார். குழாய் 12,000, கழிவு சுமந்தது 7,000, பால்கனி 5,000, பரண் 7,000, ஆக 31,000 ரூபாய். வீட்டுக்காரர் திகைத்துப் போனார். அவர் எண்ணத்தில் எல்லாம் பேசிய தொகைக்குள் அடக்கம். பொருளும் கூலியும் சேர்த்து நாலரை லட்சத்தில் முடியும் என்று ஓய்வுப் பணத்தை ஒதுக்கியிருந்தவருக்கு அதற்குள் 5,90,000 ரூபாய் செலவாகியிருந்தது. இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பின் 8,000 ரூபாய் தந்தார். மீதி 23,000 ரூபாய் வரவில்லை. ஆனால் கையாளுக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. நான் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய வாரமும் அதுவே.

அப்போது எனக்கு அந்த வீட்டுக்காரர் மீது கோபமாக இருந்தது. பின்னர் எண்ணிப் பார்க்கையில், அவரும் ஏமாற்றவில்லை, என் தந்தையும் ஏமாற்றவில்லை என்பது விளங்கியது. இருவரும் ஒரே வேலையைப் பற்றி இரண்டு வேறு கணக்குகளை மனத்தில் வைத்திருந்தார்கள். அவ்விரண்டு கணக்கும் ஒரு தாளில் சந்திக்கவே இல்லை.

கணக்கு ஏன் தவறுகிறது?

இது நம் ஊர்க்காரருக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ண வேண்டா. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு வேலையைத் திட்டமிடும்போது, எல்லாம் தடையின்றி நடக்கும் என்ற நினைப்பிலேயே மனிதர்கள் காலத்தையும் செலவையும் கணிக்கிறார்கள். இதுபோன்ற வேலைகள் மற்றவர்களுக்கு எப்படி முடிந்தன என்று பார்ப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. கானமன் பிற்காலத்தில் எழுதிய நூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். 2002-ஆம் ஆண்டில், சமையலறையைப் புதுப்பித்த அமெரிக்க வீட்டுக்காரர்களைக் கேட்டபோது, அவர்கள் எதிர்பார்த்த செலவு சராசரியாக 18,658 டாலர். உண்மையில் ஆன செலவு 38,769 டாலர். ஏறத்தாழ இரண்டு மடங்கு!

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. வேலையைத் தொடங்கும் முன், இதே போன்ற வீட்டை அண்மையில் புதுப்பித்த இரண்டு மூன்று பேரிடம், “எவ்வளவு ஆகும் என்று நினைத்தீர்கள்? எவ்வளவு ஆயிற்று?” என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பட்டியல் எழுதும் முறை

முதலில் செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். நீர்க்கசிவு, பழுதான மின்கம்பி, இற்றுப்போன குழாய் ஆகியவை கட்டாயம். தேய்ந்த தரை, பெயர்ந்த பூச்சு ஆகியவை தேவை. பொய்க்கூரை, அலங்கார விளக்கு முதலியன ஆசை. பணம் குறைந்தால் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற வண்ணத்தை முதலில் அடித்துவிட்டு, அடுத்த மழையில் ஓதம் ஏறியபின் அதே சுவரைக் கொத்துகிறார்கள்.

அடுத்து, பலரும் எழுத மறக்கும் செலவுகள் உண்டு. உடைப்புக் கூலி, கழிவை இறக்கி அப்புறப்படுத்தும் வண்டிச் செலவு, பொருளை மாடிக்கு ஏற்றும் சுமைக்கூலி, வேலை நடக்கும் நாட்களில் வேறு இடத்தில் தங்கும் வாடகை, முடிந்தபின் துப்புரவு ஆகியவை அவை. பாளையங்கோட்டை வேலையில் சண்டைக்கு வித்திட்டவற்றுள் கழிவு சுமந்த கூலியும் ஒன்று என்பதை நினைவிற் கொள்க.

இவற்றின் மேல், எதிர்பாராச் செலவுக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்க வேண்டும். பழைய கட்டடமாயின் மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை ஒதுக்குவது நல்லது. அதை ஆசைப் பட்டியலுக்கு எடுத்துச் செலவிடலாகாது.

மதிப்பீட்டின் தலைப்பில் தேதி எழுதுவதும் இன்றியமையாதது. பொருள் விலையும் வரியும் மாறிக்கொண்டே இருப்பவை. சிமெண்டுக்கு நூற்றுக்கு 28 ஆக இருந்த சரக்கு-சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய மதிப்பீட்டையும் பிந்தைய மதிப்பீட்டையும் தேதி பாராமல் ஒப்பிடுகிறவர் தவறான முடிவுக்கே வருவார்.

அளவுக் கணக்கு

“மொத்தமாக இவ்வளவு” என்று சொல்லப்படும் தொகையை ஆராய்ந்து பார்க்கப் பள்ளிக் கணக்கே போதும். ஓர் அறையின் உட்சுவருக்குப் புதிதாகப் பூசுவதாகக் கொள்வோம். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம்.

சுவர்ப் பரப்பு 2 × (12 + 10) × 10 = 440 சதுர அடி. கதவுக்கு 21, இரு சன்னல்களுக்கு 32 சதுர அடி கழித்தால் மீதி 387. பூச்சின் கனம் அரை அங்குலம், அதாவது ஓர் அடியில் 24-இல் ஒரு பங்கு. எனவே கலவையின் அளவு 387 ÷ 24 = 16.1 கன அடி. சிமெண்டும் மணலும் நீர்பட்டுக் கலந்தால் அளவு சுருங்கும். ஆகையால் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 21.5. சுவரின் மேடுபள்ளத்துக்கும் சேதாரத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 25.8 கன அடி. ஒன்றுக்கு ஐந்து கலவை எனில், இதில் ஆறில் ஒரு பங்காகிய 4.3 கன அடி சிமெண்ட்; மீதி 21.5 கன அடி மணல். 50 கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய 1.25 கன அடி. ஆகவே ஏறத்தாழ மூன்றரை மூட்டை வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் ஆதலால், மணல் யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

இக்கணக்கை நான் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து போட்டுக்கொண்டிருந்தபோது, அளவை மட்டும் கேட்ட என் தந்தை, நான் முடிப்பதற்கு முன்பே, “நாலு மூடை சொல்லிரு, அரை மூடை மிஞ்சும்” என்றார். முப்பது ஆண்டு அனுபவத்துக்கு வகுத்தலும் பெருக்கலும் தேவைப்படவில்லை! ஆனால் அவர் மனத்தில் இருந்த அந்தக் கணக்கை வீட்டுக்காரருக்குக் காட்ட எழுத்து தேவைப்பட்டது.

உடைக்கக் கூடாதவை

அடுக்குமாடியில் நம் தரை கீழ் வீட்டுக்காரருக்குக் கூரை. தூண், உத்திரம், தளம் ஆகியவை எல்லோருடைய பாரத்தையும் தாங்குபவை. 2022 பிப்ரவரி 10-ஆம் நாள், அரியானா மாநிலம் குருகிராமிலுள்ள சிண்டெல்ஸ் பாரடைசோ என்னும் குடியிருப்பில், ஆறாவது மாடி வீடொன்றில் தரையைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தளம் இடிந்து, கீழ் மாடிகளின் தளங்களையும் இடித்துக்கொண்டு விழுந்தது. இரு பெண்கள் உயிரிழந்தனர். பின்னர் டெல்லி ஐ.ஐ.டி. நடத்திய ஆய்வில், கான்கிரீட்டில் குளோரைடு உப்பு கலந்திருந்ததும் உட்கம்பிகள் அரிக்கப்பட்டிருந்ததும் தெரிய வந்தன. பழுது முன்பே உள்ளே இருந்தது. இத்தகைய பழுது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஆகையால் சுவரை நீக்குவது, தளத்தைக் கொத்துவது போன்ற வேலைகளுக்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவது கட்டாயம். அவருக்குத் தரும் கட்டணத்தை வீண் செலவு என்று கருதலாகாது. குடியிருப்போர் சங்கத்தின் எழுத்து மூலமான இசைவையும் பெற வேண்டும். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்குச் சொந்தமான வீடு எது, எல்லோருக்கும் பொதுவான பகுதி எது என்பதை அது பிரித்துக் காட்டுகிறது.

ஆளைத் தெரிந்து கொள்ளுதல்

ஒரு வேலைக்கு உரியவரை ஆராய்ந்து தேர்வதற்கென்றே திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்கள் அமைந்துள்ளன. அக்கருத்து மேஸ்திரியைத் தேர்வதற்கும் பொருந்தும்.

குறைந்தது மூவரிடம் மதிப்பீடு கேட்க வேண்டும். மூவருக்கும் ஒரே பட்டியலைத் தர வேண்டும். இல்லையேல் ஒருவர் கழிவு அகற்றுவதைச் சேர்த்தும், மற்றவர் சேர்க்காமலும் சொல்லும் தொகைகளை ஒப்பிடுவது, படியையும் கிலோவையும் ஒப்பிடுவது போலாகும். மிகக் குறைந்த தொகை சொன்னவரிடம், எந்த வேலை இதில் சேரவில்லை என்று கேட்க வேண்டும். இடத்தைப் பார்க்காமலே தொகை சொல்பவரைவிட, நேரில் வந்து, தட்டிப் பார்த்து, பத்துக் கேள்வி கேட்பவரே நம்பத் தக்கவர்.

அவர் செய்த பழைய வேலையைப் போய்ப் பார்க்க வேண்டும். நேற்று முடித்த வேலை எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட வேலையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டினால், அடியில் கலவை நிரம்பாத இடம் வெற்றொலி தரும். குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றினால், அது தேங்காமல் வடிகால் நோக்கி ஓட வேண்டும். அடிக்குக் கால் அங்குலச் சரிவு என்பது கொத்தனார்கள் வழக்கம்.

இவற்றோடு என் தந்தை சொல்லும் சோதனை ஒன்றும் உண்டு. “சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாரு. சித்தாளுக்குக் கூலியை எண்ணிக் கொடுக்கானா, இழுத்தடிக்கானான்னு தெரியும். அவுகளுக்குக் கடன் வைக்கிறவன் ஒன் வேலையையும் பாதியில விட்டுட்டுப் போவான்” என்பார். இதை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

கூலி ஒப்பந்தமா, பொருளோடு ஒப்பந்தமா என்ற கேள்வியும் எழும். முன்னதில் பொருளை வீட்டுக்காரர் வாங்குகிறார். தரம் அவர் கையில், சேதாரமும் அவர் தலையில். பின்னதில் அலைச்சல் குறைவு. ஆனால் பொருளின் வகை, அளவு, கனம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளாவிடில் தரம் குறைய இடமுண்டு.

தாளில் இருக்க வேண்டியவை

ஒப்பந்தம் என்றவுடன் முத்திரைத்தாளும் வழக்கறிஞரும் நினைவுக்கு வந்து அஞ்ச வேண்டா. சிறு வேலைக்கு இரு பக்க வெள்ளைத்தாள் போதும். செய்யும் வேலைகள், செய்யாத வேலைகள், தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள், பணம் தரும் தவணை, இருவர் கையெழுத்து ஆகியவை அதில் இருந்தால் சரி. செய்யாத வேலைகளையும் எழுத வேண்டும் என்பதே நான் கற்ற முக்கியப் பாடம்.

பணம் வேலையோடு சேர்ந்து நடக்க வேண்டும். நூறு ரூபாய் கூலி எனில், தொடக்கத்தில் 10. உடைப்பும் குழாய் வேலையும் முடிந்தபின் 25. பூச்சு முடிந்தபின் 30. தரையும் வண்ணமும் முடிந்தபின் 25. குறைகளைச் சரி செய்து ஒரு மாதம் கழித்து 10 என்று பிரிக்கலாம். பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு ஆபத்து. கடைசியில் பெருந்தொகையை நிறுத்தினால் வேலை செய்கிறவருக்கு ஆபத்து. அவர் தம் கைப்பணத்தில் கூலி கொடுக்க நேரும். குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்து, ஓடு பதிக்கும் முன், வடிகாலை அடைத்து ஒரு நாளேனும் நீரைத் தேக்கி வைத்துக் கீழ் வீட்டுக் கூரையைப் பார்த்த பின்பே அடுத்த வேலைக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

நடுவில் கூடுதல் வேலை வந்தால், அதற்கெனத் தனிச் சீட்டு ஒன்று எழுத வேண்டும். வேலை என்ன, தொகை எவ்வளவு, எத்தனை நாள் கூடும் என்று மூன்று வரி, இருவர் கையெழுத்து. சீட்டு எழுதிய பிறகே கரண்டியைத் தொட வேண்டும். வழக்கு என்று வந்துவிட்டாலும் இத்தாள்களே சாட்சி. வீடு கட்டித் தருதலை ஒரு சேவையாக ஏற்றுக்கொள்ளும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடுகிறவரும் முதலில் காட்ட வேண்டியது எழுத்தைத்தான்.

முடிவுரை

சென்ற ஆண்டு சங்கரன்கோவிலில் ஒரு மாடி வீட்டைப் புதுப்பிக்கும் வேலை என் தந்தைக்கு வந்தது. நான் தாள் எழுதுகிறேன் என்றேன். “எழுதிக் கேட்டா, நம்மளை நம்பலையோன்னு அவுக நினைப்பாக. வேண்டாம்லே” என்றார். இரண்டு நாள் வாதாடிய பிறகே இசைந்தார். தாளை நீட்டியபோது அந்த வீட்டு அம்மா முகம் சுளிக்கவில்லை. “இப்படி யாரும் எழுதித் தந்ததில்ல மேஸ்திரி” என்று சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். ‘பரண் வேலை சேராது’ என்ற வரியில் விரலை வைத்து, பரணுக்கு எவ்வளவு என்று அப்போதே கேட்டார்.

கூலி 90,000 ரூபாய். எதிர்பாராச் செலவுக்கென்று அவர் 13,500 ஒதுக்கினார். நடுவில் நான்கு சீட்டுகள் எழுதினோம். நான்கும் சேர்ந்து 9,200 ரூபாய். ஆக 99,200 ரூபாயில் வேலை முடிந்தது. ஒரு மாதம் கழித்து, கடைசித் தவணையாகிய 9,000 ரூபாயைக் கேட்கும் முன்பே அவர் அழைத்துக் கொடுத்தார். பாளையங்கோட்டை 23,000 ரூபாய் இன்று வரை வரவில்லை. அது வராது. அம்மாவின் கம்மலை மட்டும் மீட்டுவிட்டோம்.

தோழர்களே! நம் வகுப்புகளில் கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளும், வண்ணம் அடிப்பவர், தச்சர், குழாய் வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. நம் பெற்றோருக்கு வேலை தெரியும், அளவும் தெரியும், விலையும் தெரியும். எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் ஒன்றே இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் பதிவு பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. அதற்கும் வீட்டில் ஒருவர் விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது. பட்டம் கையில் வருவதற்கு முன்பே நம்மால் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டென்றால், அது இந்த வெள்ளைத்தாளை எழுதித் தருவதுதான். அடுத்த முறை வீட்டில் “பாத்துக்கிடலாம்” என்ற சொல் காதில் விழுந்தால், பேனாவை எடுங்கள்.